தின்னர் வேண்டாத தொட்டி

பெயின்ட் ஷாப் மறுபடி ஓட ஆரம்பித்த அன்று மத்தியானம், தொட்டியின் மேல் நின்றபோது அவனுக்குத் தின்னர் வாடை அடித்தது. அடிக்கக் கூடாது. ஷாப்பின் காற்றைப் புளோயர் உறிஞ்சி, இடுப்பளவு மரச்சில்லு கொட்டி நிரப்பிய அந்தத் தொட்டியின் அடியில் கொண்டுவந்து விடும். சில்லுகளில் குடியிருக்கும் கிருமிகள் அதிலுள்ள தின்னரைத் தின்றுவிட்டு, மழையில் நனைந்த மண்ணின் வாடையை மட்டும் மேலே அனுப்பும். தொட்டியின் வேலை அது. தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

"என்ன மாப்ள, ஷாப் மூடிக் கிடந்ததுல உன் கிருமியெல்லாம் பட்டினியில போய்ச் சேந்திருச்சா?" என்று கீழேயிருந்து கேட்டார் எலக்ட்ரீஷியன். அவன் மனைவியின் அண்ணன்.

"இல்ல மச்சான். ஏறி வந்து கைய வெச்சுப் பாருங்க."

அவர் ஏணியில் ஏறி வந்து சில்லுக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார். "காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி கொதிக்குது! உயிரோடதான் இருக்கு, ஆனா தின்னரத் தொட மாட்டேங்குது. உன்ன மாதிரிதான் மாப்ள, விருந்துச் சாப்பாடு பழகிட்டா வீட்டுச் சாப்பாடு எறங்காது. அப்படி என்னத்தப் போட்டுப் பழக்கின?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஷாப் மூடியிருக்கும் நாட்களில் தின்னரில் நனைத்த துணி ஒன்றைக் காற்றை உறிஞ்சும் குழாயின் வாயில் தொங்கவிட்டு, புளோயரைக் கொஞ்ச நேரம் ஓட்டுவது அவர்கள் வழக்கம். கிருமிகளுக்கு ருசி மறந்துவிடக் கூடாது. இந்த முறை ஆர்டர் இல்லாமல் மாதக்கணக்கில் மூடியதில் தின்னர் டப்பா காய்ந்துபோனது. தொட்டி செத்தால் புதிதாக வளர்த்தெடுக்க வெகுநாள் ஆகும். அதுவரை நாற்றமெல்லாம் சுவரை ஒட்டிய குவார்ட்டர்ஸுக்குள் போகும், பழி இவன் தலையில் விடியும், குடியிருக்கும் வீடும் போகும். ஆகவே ஒரு நாள், இதுவும் வாடைதானே என்று, வேர்வையில் ஊறிய தன் சட்டையைக் கழற்றி மாட்டினான். தொட்டியின் சூடு காட்டும் முள் லேசாக அசைந்தது. பிறகு மனைவியின் தலையணை உறை. பிறகு, அழுக்குக் கூடையில் மேலாகக் கிடந்த மகளின் கவுன். கழுத்துப் பட்டியில் பால் வாடை.

அன்று முள் ஏறிய ஏற்றத்தை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை.

அதன்பின் மகளின் துணி மட்டும்தான். திரும்பக் கொண்டுபோனபோது அவற்றில் பாலும் இல்லை, வேர்வையும் இல்லை, சோப்பும் இல்லை. "பரவாயில்லையே, நல்லா அலசியிருக்கீங்க" என்று மனைவி மெச்சிக்கொண்டாள். அவனும் ஆமாம் என்று தலையாட்டினான்.

"மச்சான், ஃபியூஸப் புடுங்குங்க."

"இப்பதான ஷாப்பு ஓட ஆரம்பிச்சிருக்கு..."

"புடுங்குங்கன்னு சொல்றேன்ல!"

அவர் இறங்கிப் போய்ப் பிடுங்கினார். புளோயரின் இரைச்சல் இறங்கி, முனகி, அடங்கியது. கேட்டது ஒரு சத்தம்தான்: ஈரச் சில்லுகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் சத்தம். அவன் குழாயின் வாயருகே போனான். காலையில் எடுக்க மறந்த கவுன் இன்னும் அங்கேயே இருந்தது. காற்று நின்றுவிட்டது. அது தொங்க வேண்டும்.

தொங்கவில்லை. கை இரண்டையும் நீட்டிக்கொண்டு, குழாய்க்குள் சாய்ந்து நின்றது.

பிடித்து இழுத்தான். உடனே வரவில்லை. வந்ததை மூக்கில் வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. துணி என்கிற வாடைகூட இல்லை.

அப்போதுதான் குவார்ட்டர்ஸ் சுவரைப் பார்த்தான். விரிசலில் முளைத்திருந்த புல் எல்லாம் தொட்டியின் பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒட்டடை நூல்கள் நேராக நீண்டிருந்தன. ஒரு இலை அசையாத மத்தியானம். சுவருக்கு மேலே அவன் வீட்டு ஜன்னல். திரைச்சீலை வெளியே வந்து, விறைத்து, தொட்டியை நோக்கி நின்றது.

ஓடினான்.

"மெதுவா வாங்க, பாப்பா இப்பதான் தூங்கினா" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. அடுப்பில் ஏதோ கொதித்தது. வாசனை வரவில்லை. வீட்டுக்கென்று இருக்கும் வாசனை, எண்ணெய், பவுடர், ஈரத்துண்டு, எதுவும் வரவில்லை.

உள்ளறை. கட்டில். மகள் மல்லாந்து படுத்திருந்தாள். தலைமுடி முழுவதும் தலையணையைவிட்டு எழும்பி, ஜன்னலை நோக்கி நீண்டிருந்தது.

குனிந்து உச்சியை முகர்ந்தான்.

ஒன்றுமில்லை.

ஜன்னலுக்குக் கீழே மச்சானின் குரல். "மாப்ள... ஃபியூஸ் என் கையில இருக்கு. நான் புடுங்கிட்டேன் மாப்ள."

மகளின் உதடு லேசாகத் திறந்திருந்தது. அவன் புறங்கையை அருகே வைத்தான். மூச்சு பட்டது. வெதுவெதுப்பாக. வெளியே போய்க்கொண்டிருந்தது.

உள்ளே இழுக்கட்டும் என்று காத்திருந்தான்.

போய்க்கொண்டிருந்தது.

போய்க்கொண்டே இருந்தது.