நிறுத்தி வைத்த லைனிலிருந்து

திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்கு, மங்களம் மூடப் போன புகார் டிக்கெட்டில் இன்னொரு பதில் வந்து விழுந்தது.

பதில் வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒரு வீட்டின் இணைய லைனை நிறுத்திவிட்டால் அங்கே எதைத் திறந்தாலும் ஒரே ஒரு பக்கம்தான் திறக்கும். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவிப்பு, அதன் கீழே செய்த தவறை எழுத ஒரு கட்டம், அதற்கும் கீழே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பட்டன். எழுதி அமுக்கினால் அது நேராக ஈப்போ நகரில் இருக்கும் அவள் மேசைக்கு வந்துவிடும். பலர் கெட்ட வார்த்தை எழுதுவார்கள். சிலர் வக்கீல் பெயரை எழுதுவார்கள். இந்த லைன்காரர் வியாழன் இரவிலிருந்து அறுபத்து மூன்று முறை எழுதியிருந்தார். அறுபத்து மூன்றும் வெறும் கேள்விக்குறிகள்.

‘முறையான பதில் இல்லை’ என்று போட்டு மூட வேண்டியதுதான். மௌஸை நகர்த்தி அம்புக்குறியை ‘மூடு’ மேல் கொண்டுபோய் வைத்தாள். டொக் என்று இன்னொரு பதில் விழுந்தது. அறுபத்து நாலு. கையை எடுத்தாள், சத்தம் இல்லை. மறுபடி கொண்டுபோனாள். டொக். அறுபத்தைந்து.

ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலைகளை மழை மறைத்துக்கொண்டிருந்தது. ஏர்கோன் ஒழுகி நனைந்த கார்ப்பெட்டின் வாடையும், பின்னால் யாரோ கொதிநீர் ஊற்றி மூடி வைத்த மீ நூடுல்ஸ் கப்பின் மசாலா வாடையும் கலந்து, மூன்று நாள் லீவுக்குப் பிறகு திரும்பி வந்தவளை இந்த இடம் எங்கும் போய்விடவில்லை என்று நினைவுபடுத்திக்கொண்டிருந்தன. நாற்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு சத்தத்துக்குத் தோள் சிலிர்த்ததை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

அவள் வேலை அபியூஸ் டெஸ்க். கம்பெனி தரும் லைனை வைத்துக் குப்பை மெயில் அனுப்புகிறவர்கள், அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்க்கிறவர்கள், இவர்கள் மேல் வெளியிலிருந்து வரும் புகாரைச் சரிபார்த்து, மெயிலில் மூன்று எச்சரிக்கை அனுப்பி, அசையவில்லை என்றால் லைனை நிறுத்துவாள். வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் அவளுக்குத் தெரியாது, பதினொரு இலக்க எண் மட்டும்தான். முன்பு யாரோ தன் மச்சானின் லைனைக் காப்பாற்றப் போய் மாட்டிக்கொண்டதிலிருந்து பெயர்களை மறைத்து வைத்திருந்தார்கள். நல்ல விதி என்பது மங்களத்தின் கட்சி. முகம் பார்த்தால் நியாயம் கோணிப்போகும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவளே வகுப்பெடுப்பாள்.

இந்த லைன் மணிக்குத் தொள்ளாயிரம் தடவை வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்களின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விற்கும் மலிவு டிவி பாக்ஸ் எதுவோ உள்ளே இருக்கும். படம் காட்டிக்கொண்டே திருட்டு வேலையும் பார்க்கும் ஜாதி. வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பாவம்தான், ஆனால் விதி விதிதான். வியாழன் மாலை ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு குனோங் ராபாட்டில் இருக்கும் வீட்டுக்குப் போனாள்.

தினமும் கூப்பிடுகிற இரவு எட்டு மணிக்கு அப்பா கூப்பிடவில்லை.

கூப்பிட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். முந்தின நாள்தான் சண்டை. பீடோருக்கு உள்ளே, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்தில், பத்து வீடுகள் வரிசையான லயத்தில் அப்பா மட்டும்தான் மிச்சம். இங்கே வந்து இருங்கள் என்றாள். நீ சோறு போட்டுச் சொல்லிக் காட்டுறதக் கேக்க நான் வரணுமா என்றார் அவர். அந்த வார்த்தை சுருக்கென்று ஏறிவிட்டது. அப்போ இனிமே எனக்குக் கூப்பிடாதீங்க என்று வைத்துவிட்டாள். வெள்ளியும் கூப்பிடவில்லை. சனிக்கிழமை மனசு கேட்காமல் ஒரு ‘சாப்டீங்களா’ அனுப்பினாள். ஒற்றை டிக்கோடு நின்றது. போனை அணைத்து வைத்திருக்கிறார், கிழவருக்கு வீம்பைப் பார் என்று அவளும் வீம்பாக இருந்துகொண்டாள்.

அறுபத்தாறு. அறுபத்தேழு.

மேற்பார்வையாளர் ஸ்டானிஸ்லாஸை அழைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக் கூரையில் இருக்கும் சிக்னல் தட்டின் பதிவைத் திறந்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

“இந்தத் தட்டு சனிக்கிழம விடியக்காலையிலயே செத்துப்போச்சுலா. இடி விழுந்திருக்கும். கரண்டே இல்ல அந்த வீட்டுல.”

“அப்ப இது எங்கேருந்து வருது அண்ணே?”

கியூவில் எங்கோ சிக்கிக் கிடந்தது இப்போது வழிகிறது என்றார். சொல்லும்போதே இன்னொன்று வந்தது. அதன் நேரத்தை இருவரும் பார்த்தார்கள். மாலை 4.52. சுவர்க் கடிகாரத்திலும் அதேதான்.

அவர்களுடைய பழைய சிஸ்டத்துக்கு ரோமன் எழுத்துதான் தெரியும். வேறு எந்த எழுத்தில் எழுதினாலும் கேள்விக்குறியாக்கிவிடும். டெஸ்க்கில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், கேள்விக்குறி வந்தால் குப்பை என்று மூடிவிடுவது பழக்கமாகிவிட்டது. அறிவிப்புதான் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறதே, பதிலும் அப்படித்தானே வரும். ஸ்டானிஸ்லாஸ் அந்தப் பதில்களின் மூலப் பிரதியை அவள் போனுக்கு அனுப்பினார். இனி வருவதும் நேராக அங்கேயே வரும்படி செய்தார்.

மங்களம் திறந்தாள். தமிழ்.

வியாழன் 8.04. *மங்களம் அப்பா பேசுறேன். போன் போகல. என்னமோ வந்து நிக்குது.*

8.31. *உன் கம்பெனி பேரு போட்டிருக்கு. நீதான் கட் பண்ணியா. கோவமா.*

9.10. *தப்ப எழுதச் சொல்லுது. எழுதுறேன். நேத்து அப்படிப் பேசுனது என் தப்பு. இனிமே பேச மாட்டேன். லைன குடும்மா.*

அந்தத் தோட்டத்தில் சாதாரண போன் சிக்னல் கிடையாது. மலை மறைக்கும். அதனால்தான் ஊழியர் சலுகையில் அவளே அந்த லைனை வாங்கிப் போட்டாள். எச்சரிக்கை போகும் மெயில் முகவரியையும் அவளே உண்டாக்கி, ஒரு தடவைகூடத் திறக்காமல் மறந்தாள். டிவி பாக்ஸை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன், இந்த டெஸ்க்குக்கு வருவதற்கு முன், தமிழ்ச் சேனல் எல்லாம் வரும் என்று ஆசையாக வாங்கினாள். லைன் வாங்கியவள், மெயிலை மறந்தவள், பாக்ஸ் கொடுத்தவள், மூன்று பேரும் அவள்தான். நிறுத்தியதும் அவள்தான்.

வெள்ளி மாலை 6.50. *பாத்ரூம்ல விழுந்திட்டேன். இடுப்பு போச்சு. கூடத்துக்கு நகந்து வந்திட்டேன். கோவத்த அப்புறம் வச்சுக்கலாம் தாயி. யாரையாச்சும் அனுப்பு.*

7.15. *ஒத்துக்கிட்டேன்னு அமுக்கிட்டேன். இன்னும் எத்தன தடவ அமுக்கணும்.*

11.02. *தண்ணி எட்டல.*

சனி விடியக்காலை 3.40. *இடி. கரண்டு போச்சு.*

அதற்குப் பிறகு ஒரே வார்த்தை. *தப்புதான்.* அடுத்தது, *தப்புதான்.* சனி, ஞாயிறு, இன்று காலை, வரிசையாக. கடைசியில் இருந்தது மட்டும் வேறு.

4.52. *படிச்சிட்டியா.*

அவள் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு மீ கப்புக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஸ்டானிஸ்லாஸ் பீடோர் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் பேசினார். கிளம்பிவிட்டார்கள், நீ தனியாகப் போகாதே என்றார். மங்களம் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். உயிர் இருக்கும். கண்டிப்பாக இருக்கும். இப்போது எழுதினாரே. எழுதுகிறவருக்கு உயிர் இருக்கத்தானே வேண்டும். உயிரோடு பிடித்து, கோபத்தில் செய்யவில்லை அப்பா, உங்கள் லைன் என்று தெரிந்து செய்யவில்லை என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். கரண்டு இல்லாத வீடு, செத்துப்போன தட்டு என்பதையெல்லாம் அவள் மனசு வாசலிலேயே நிறுத்தி வைத்தது.

கோப்பெங் தாண்டும்போது மழை கண்ணாடியை மூடிற்று. வைப்பர் இழுக்க இழுக்க, முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்குகள் மட்டும் கரைந்து கரைந்து சேர்ந்தன. ஈரமான மிதியடியிலிருந்தும் அவள் சட்டையிலிருந்தும் கிளம்பிய புழுங்கல் வாடை மூடிய காருக்குள் சுற்றி வந்தது. பக்கத்து சீட்டில் போன் ஒளிர்ந்தது.

*மழ பெய்யுது. மெதுவா வா.*

எப்போது கிளம்பினாலும் அப்பா சொல்வது இதைத்தான். ஒரு கணம் சந்தோஷமாகவே இருந்தது. கிளம்பியதை யார் அவரிடம் சொன்னார்கள் என்று தாப்பா ஊர் வரும்வரை அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றிய பிறகு அழுகை வந்தது. துடைக்காமலே ஓட்டினாள்.

பீடோரில் திரும்பித் தோட்டத்துச் செம்மண் சாலையில் இறங்கியபோது மணி ஆறே கால். செம்பனை மட்டைகள் இரண்டு பக்கமும் வளைந்து வெளிச்சத்தைத் தின்றுவிட்டிருந்தன, அவற்றிலிருந்து சொட்டும் தண்ணீர் கார் கூரையில் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. இரண்டு. ஒன்று. பிறகு எதுவும் இல்லை.

எதுவும் இல்லாதபோது, டொக்.

*பாலத்துக்கிட்ட குழி இருக்கு. பாத்து.*

காரை நிறுத்தினாள். குழி இருந்தது. பெரிய குழி.

லயத்தின் கடைசி வீடு. போலீசும் ஆம்புலன்சும் இன்னும் வரவில்லை, மழையில் எங்கோ வழி தவறியிருக்க வேண்டும். கூரையில் சிக்னல் தட்டு கருகித் தொங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. தவளைச் சத்தம்கூட இல்லை. “அப்பா” என்று கூப்பிட்டாள். குரல் அவள் காதுக்கே எட்டவில்லை. கதவில் கை வைத்தாள். கதவு தானாகத் திறந்துகொண்டது.

முதலில் வாடை. சிறுநீரும், ஈரச் சுவரும், அடியில் இனிப்பாக வேறொன்றும். அந்த வேறொன்று என்னவென்று அவள் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மனசு மட்டும் இல்லை இல்லை என்றது. கூடம் இருட்டு. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. எங்கோ ஈக்கள்.

போனை உயர்த்தி டார்ச்சைத் தேடினாள். டொக்.

*வெளிச்சம் போடாத கண்ணு. பாத்தா தாங்க மாட்ட.*

“அப்பா.”

மூச்சு இல்லை. ஈக்கள் மட்டும். பிறகு இன்னொன்று. மெல்லிய சத்தம். நகத்தால் கண்ணாடியைத் தட்டுவது போல. எதிர்ச் சுவரோரம். தட்டும். நிற்கும். தட்டும்.

“அப்பா, நான் ஒங்களுக்குன்னு செய்யல. நம்பர்தான் தெரியும் எனக்கு. சத்தியமா தெரியாது அப்பா. வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

தட்டும். நிற்கும்.

டார்ச்சைப் போட்டாள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல், எட்டாத உயரத்தில், அவள் ஆணி அடித்து மாட்டிய மோடம். அதற்குக் கீழே சுவர் முழுக்க விரல் கீறல்கள். உதட்டோரம் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. கண் பாதி திறந்து, வறண்டு. முகம் கறுத்து உப்பியிருந்தது. செத்து ஒரு நாளாவது ஆகியிருக்கும். மடியில் போன். திரை கறுப்பு. சார்ஜ் எப்போதோ போய்விட்ட போன்.

அதைப் பிடித்திருந்த கை விறைத்திருந்தது. கட்டை விரல் மட்டும் அசைந்தது.

மெதுவாக. எழுத்து எழுத்தாக. கறுப்புக் கண்ணாடி மேல்.

மங்களம் மண்டியிட்டாள். அவள் போனில் டிக்கெட்டைத் திறந்து, ‘லைனைத் திரும்பக் கொடு’ என்பதை அமுக்கினாள். சிக்னல் இல்லை என்றது. மறுபடி அமுக்கினாள். மறுபடி. அந்த விரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்தாள். ஐஸாக இருந்தது.

“போதும்ப்பா. நீங்க ஒரு தப்பும் பண்ணல. போதும்.”

பொத்திய கைகளுக்குள் விரல் அசைந்துகொண்டே இருந்தது. தரையில் கிடந்த அவள் போன் ஒவ்வொரு தடவையும் ஒளிர்ந்தது.

*தப்புதான் தாயி.*

*தப்புதான்.*

*தப்புதான்.*