நாலு பேரில் ஒருத்தன்

அன்று காலை வயித்திலிங்கத்தின் அறையில் இருந்தவர்கள்: நில அளவையார் வீட்டு இரத்தினேஸ்வரி, கப்பல் எஞ்சின் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற குணநாயகம், பேக்கரி செபமாலை, விடைத்துறை அதிகாரி கீர்த்திகன். வயித்திலிங்கம் இறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. கடலுக்கு மேல் தூண்களில் நிற்கும் மேடை ஊரில் இடம் அருமை. இறந்தவரின் அறை பன்னிரண்டாம் நாள் வேறொருவருக்குப் போய்விடும். சாமான்களை ஒதுக்க நண்பர்கள் மூவரும் வந்திருந்தார்கள். அதிகாரியை யாரும் கூப்பிடவில்லை.

“அம்மா, மூண்டு எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. நான் போயிடுறன்” என்றார் கீர்த்திகன்.

“சொல்லமாட்டன்” என்றார் இரத்தினேஸ்வரி, சட்டைகளை மடித்தபடியே.

“உங்கடை செவி பன்ரண்டு நாளா அதைத்தானே சொல்லுது.”

“சொல்லட்டும். வயித்தி நொடி போட்டது எனக்கு. உங்கடை செவிக்கு இல்லை.”

மேடை ஊரில் ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் அரிசி அளவில் ஒரு விடைச்செவி உண்டு. மனதில் கேள்வி எழுந்தால் மூச்சு விடுமுன் விடை வந்துவிடும். ‘சரி’ என்று மனம் ஏற்றுக்கொண்டால் கேள்வி மூடிக்கொள்ளும். ஏற்காமல் பன்னிரண்டு நாள் திறந்து வைத்திருந்தால் அது நோய் என்று சட்டம் சொன்னது. அந்த நோயாளிக்குக் கையொப்ப உரிமை கிடையாது. அவருக்குப் பதிலாகத் துறையே கையெழுத்து வைக்கும்.

செவிக்கு ஓய்வாக நாளுக்குக் கால் மணி நேரம் மூடுபொழுது கொடுத்திருந்தார்கள். பெரும்பாலோர் அந்த நேரத்தில் தூங்கினார்கள். வயித்திலிங்கமும் இந்த நண்பர்கள் மூவரும் மட்டும் மூடுபொழுதைக் காலை பிளேன் டீக்குப் பிறகு ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் புதிர் போட்டு மண்டையை உடைத்தார்கள். ஆறு வருடமாகத் துறைக்கு இது தெரியவில்லை. காரணம் ஒரு சொல். புதிர், விடுகதை என்ற சொற்களைத் துறையின் காவல்பொறி பிடித்துவிடும். இவர்கள் ஊர்வழக்கில் விடுகதைக்குப் பெயர் நொடி. “ஒரு நொடி சொல்லட்டோ?” என்று வயித்திலிங்கம் கேட்கும்போதெல்லாம் பொறி அதைக் காலக் கணக்கு என்று எழுதிக்கொண்டது.

கடைசி நொடியில்தான் வயித்திலிங்கம் பிசகினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, செவி திறந்திருக்கும் நேரம் என்பதை மறந்து, மற்ற இருவரும் கேட்க இரத்தினேஸ்வரியிடம் சொன்னார்: “ஈஸ்வரி, ஒரு நொடி. நாலு பேரிலை ஒருத்தன் போறான். கணக்கு எத்தனை?” சொல்லிவிட்டுச் சிரித்தார். மறுநாள் போய்விட்டார். வெறும் கழித்தல் கணக்கு. திறந்திருந்த செவிகள் உடனே ‘மூன்று’ என்றன, கேள்வி துறையின் ஏட்டில் ஏறியது.

“தம்பி, ரெண்டாயிரம் நொடி போட்டவன் அவன். ஒண்டாவது லேசா இருந்ததில்லை. சாகிற நேரத்திலை எங்களுக்குச் சலுகை தருவானே?” என்றார் குணநாயகம்.

“ஐயா, நீங்கள் மூண்டை ஏற்று ஆறு நாளாச்சு” என்றார் கீர்த்திகன்.

குணநாயகம் தலையைக் குனிந்தார். “படகுப் பத்திரத்திலை கையெழுத்து வைக்க வேணுமெல்லோ.”

“எனக்குப் பேக்கரி” என்றார் செபமாலை, யாரையும் பாராமல்.

“உங்களை ஆர் குற்றம் சொன்னது? டிரங்குப் பெட்டியை மூடுங்கோ” என்றார் இரத்தினேஸ்வரி.

கீர்த்திகன் குரலைத் தாழ்த்தினார். “பன்ரண்டு மணியோடை தவணை முடியுதம்மா. நாலிலை ஒண்டு கழிக்கத் தெரியாத ஆள் எண்டு ஏட்டிலை விழும். அதுவும் அளவையார் வீட்டாள். சனம் சிரிக்கும்.”

இரத்தினேஸ்வரி நிமிர்ந்தார். எழுபத்துநான்கு வயதிலும் அந்த முதுகு வளைந்ததில்லை. கடல் ஏறி வந்த வருடங்களில், கரை நகரவில்லை என்று வரைபடத்தில் எழுதச் சொன்னார்கள். நில அளவையாராக இருந்த அவருடைய தகப்பனார் மறுத்து, வேலையை எறிந்துவிட்டு வந்தார். பிழையான எண்ணுக்குக் கீழே அந்த வீட்டார் எவரும் கையெழுத்து வைத்ததில்லை.

“சிரிக்கிற சனம் சிரிக்கட்டும். அது மூண்டில்லை எண்டு எனக்குத் தெரியும். என்னெண்டுதான் இன்னும் தெரியேல்லை. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்ல எனக்கு வெக்கமில்லை. கட்டிலைத் தூக்குவம், வாங்கோ.”

அது தரை இருந்த காலத்து வேப்பமரக் கட்டில். மூவரும் மூன்று மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். நாலாவது மூலை தளத்தில் இழுபட்டுக் கிறீச்சிட்டது. இரண்டு அடி போனதும் செபமாலைக்கு மூச்சு வாங்கியது.

“மரம் மாதிரி நிக்கிறீர், தம்பி. அந்த மூலையைப் பிடியுமன்!” என்றார்.

கீர்த்திகன் கையெழுத்து வாங்கும் கைப்பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்து பிடித்தார். கட்டில் எழும்பியது.

இரத்தினேஸ்வரி நடக்கவில்லை. கட்டிலின் நான்கு மூலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மேடை ஊரில் இறந்தவரைத் தானோடி வண்டி வந்து கொண்டுபோகும். நாற்பது வருடமாக யாரும் யாரையும் தூக்கியதில்லை.

“செபமாலை, வண்டி வாறதுக்கு முந்தி செத்தவனை ஆர் கொண்டுபோனது?”

“மனிசர்தான், அக்கா.”

“எத்தனை பேர்?”

“நாலு பேர்…” செபமாலை அப்படியே நின்றார். “அட, கள்ளன்!”

“போறவன் ஒருத்தன். அவன் போறது நாலு பேர் தோளிலை. நாங்கள் மூண்டு பேர்தான் மிச்சம், கணக்கு இடிக்குது. ஒரு ஆளைத் தேடிப் பிடியுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கிறான்” என்றார் இரத்தினேஸ்வரி.

குணநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்தது. கட்டில் ஆடியது.

“தம்பி, விட்டிடாதையும்!” என்றார் செபமாலை.

கட்டிலை வெளியே வைத்த பிறகு கீர்த்திகன் கைப்பலகையை நீட்டினார். இரத்தினேஸ்வரி நாலு என்று எழுதினார். பலகை சிவந்தது: விடை பொருந்தவில்லை.

“அம்மா, உங்கடை விடை சரி. எனக்கு விளங்குது, இதுக்கு விளங்காது” என்றார் கீர்த்திகன். அவர் குரல் அதிகாரியின் குரலாக இல்லை. “மனசிலை நாலை வைச்சுக்கொண்டு இதிலை மூண்டு எண்டு போடுங்கோ. ஆருக்கு நட்டம்?”

“மனசிலை ஒண்டு, கையெழுத்துக்கு மேலை ஒண்டு. எங்கடை வீட்டிலை அந்தப் பழக்கமில்லை.”

சிவந்த பலகையில், நாலு என்ற எண்ணுக்குக் கீழே, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

பலகையைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்: “உமக்கு மூடுபொழுது எப்ப?”

“மத்தியானம், அம்மா. தூங்குவன்.”

“காலமைக்கு மாத்தும். டீ எங்கடை வீட்டிலை.”

மேடை ஊரில் இப்போது ஒரு கதை உலவுகிறது. அளவையார் வீட்டு அம்மா கடைசி நிமிடத்தில் பயந்து மூன்று என்று எழுதிவிட்டாராம். அதிகாரி இரக்கப்பட்டு அதை வெளியே விடவில்லையாம். அது பொய். அவர் எழுதியது நாலு. பன்னிரண்டு மணிக்கு அவருடைய கையொப்ப உரிமை போனது, இன்றுவரை திரும்பவில்லை.