ஐந்தாவது பர்னர்

செவ்வாய்க்கிழமை லெஸ்யா தன் கையால் கேஸை அடைத்துவிட்டு வந்த வீட்டின் புகைபோக்கியிலிருந்து, வியாழக்கிழமை மதியம் வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது.

வேனை நிறுத்தியவள் இறங்காமல் அதையே பார்த்தாள். கனடாவின் வின்னிபெக் நகர வீடுகளின் நிலவறைகளில் இருபது வருடமாக உலை பழுதுபார்க்கிறவள் அவள். இந்த வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும் பழைய கேஸ் உலையின் உள்தகடு விரிசல் விட்டிருந்தது; எரிந்தால் நச்சுப்புகை வீட்டுக்குள் கசியும். குழாயை மூடி, பற்றவைக்கக் கூடாது என்று எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டி, குடியிருப்பவர்களுக்குத் தன் கடையிலிருந்து இரண்டு மின்சார ஹீட்டர்களும் கொடுத்திருந்தாள். புது உலைக்கு அளவெடுக்கத்தான் இன்று வந்தாள். அதற்குள் பற்றவைத்திருக்கிறான். வீட்டுக்காரன் க்ளேட்டனைத் தவிர வேறு யார்? ஆத்திரம் தலைக்கேறியது. அந்த ஆத்திரத்தில் நச்சுப்புகை காட்டும் மீட்டரை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

கதவு பூட்டவில்லை. உள்ளே புழுக்கமும், ஈரச் சுவரின் வாடையும், அதனடியில் ஏதோ லேசாகக் கருகும் நெடியும் முகத்தில் மோதின. குளிருக்காக ஜன்னல்களில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளுக்குப் பின்னால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்தது. வாசல் மிதியடியில் நான்கு ஜோடி பூட்ஸ், இரண்டு பெரியவை, இரண்டு சின்னவை. இந்தக் குளிரில் பூட்ஸ் இல்லாமல் யாரும் வெளியே போயிருக்க முடியாது.

"கோலெட்!"

மாடியிலிருந்து தூக்கக் கலக்கத்தில் குடித்தனக்காரியின் குரல் வந்தது. "லெஸ்யாவா? பசங்களுக்கு முடியல... எங்களுக்கும் தல வெடிக்குது. சும்மா படுத்திருக்கோம். நீங்க உலையப் பாருங்க."

"படுக்காதீங்க! புகை! பசங்களத் தூக்கிட்டு உடனே வெளிய போங்க!"

"ம்... இதோ வர்றோம்."

முதலில் உலையை அணைக்க வேண்டும். அத்தனை அவசரத்திலும் பிறந்ததிலிருந்து வந்த பழக்கம் விடவில்லை. கை தானாகப் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தது. ஐந்தாவது ஜோடியாக அதை ஓரத்தில் வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு நிலவறைப் படிகளில் இறங்கினாள்.

கீழே, நீலமாகச் சீராக எரிய வேண்டிய தீ மஞ்சளாக நாக்கை நீட்டி உலையின் வாயை நக்கிக்கொண்டிருந்தது. சிவப்பு அட்டை தரையில் கிடந்தது, அதன்மேல் ஒரு காலடித் தடம். உலைக்கு வெளிக்காற்று கொண்டுவரும் குழாயில் குழந்தைப் போர்வை ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. குளிர் வருகிறதென்று இந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் அடைக்கிறார்கள். தீக்கும் மூச்சு வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். தீ வெளியே சீறினால் உலையை நிறுத்த வேண்டிய சின்ன சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு செப்புக் கம்பி இணைத்து, அதை வேலை செய்யவிடாமல் ஆக்கியிருந்தது.

கேஸ் வால்வை நோக்கிப் போனபடியே க்ளேட்டனைப் போனில் அழைத்தாள்.

"அந்தக் கம்பிய யாரு கட்டுனது?"

"நான்தான். என்ன இப்போ? நீ பாட்டுக்கு அட்டைய மாட்டிட்டுப் போயிட்டே. மைனஸ் முப்பதுல அவங்க அட்டையப் போத்திக்கிட்டா தூங்குவாங்க?"

"ஆளுங்க செத்துருவாங்கடா, பாவி!"

"முப்பது வருஷமா எரியுதும்மா. எவன் செத்தான்?"

இணைப்பைத் துண்டித்துவிட்டான். தீயணைப்பு நிலையத்தை அழைக்க முயன்றாள். விரல் எண்களைத் தவறவிட்டது. எரிச்சலில் போனைப் படியில் போட்டுவிட்டு வால்வின் கைப்பிடியைத் திருப்பினாள். அது குழாய்க்குக் குறுக்கே வந்து நின்றது; கேஸ் அடைபட்டுவிட்டது.

தீ அணையவில்லை.

சூடான காற்றை மாடிக்குத் தள்ளும் உலையின் காற்றாடி நின்று போயிற்று. அந்த அமைதியில், எரிந்துகொண்டிருந்த நான்கு பர்னர்களையும் அவள் முதன்முறையாக உற்றுப் பார்த்தாள். ஐந்தாவதை விட்டுவிடலாம். அதன் வாய் துருவில் முழுக்க அடைத்துப் போனது, ஊசிகூட நுழையாது. முதல் தீ மெதுவாக எழுந்து மெதுவாகத் தணிந்தது. இரண்டாவது கொஞ்சம் இடைவெளி விட்டு எழுந்தது. மற்ற இரண்டும் சின்னவை, வேகமாக எழுந்து வேகமாகத் தணிந்தன.

தலைக்கு மேலே செல்லும் தகரக் குழாய் வழியாக மாடி அறையின் ஓசை கேட்டது. தூங்குகிறவர்களின் மூச்சு. ஒன்று மெதுவாக. ஒன்று இடைவெளி விட்டு. இரண்டு வேகமாக.

யாரும் எழுந்திருக்கவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசித் தீ சுருங்கியது. குன்றிமணி அளவாயிற்று. பொட்டளவாயிற்று.

அணைந்தது.

மேலே மூன்று மூச்சுகள் கேட்டன.

"எந்திரிங்க!" கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. போர்வையைப் பிடித்து இழுத்தாள். வந்தது. பனிக்காற்று முகத்தில் அடித்தது. போதாது. படிக்கு ஓடினாள். ஒரு படி. இரண்டு. முழங்கால் மடங்கியது. விழுந்தாள். மீட்டர் வேனில். பூட்ஸ் வாசலில். எல்லாம் தெரிந்தவள், இருபது வருடம். தன்மேல் வந்த கோபத்தில் கண் கலங்கியது.

பின்னால் டப் என்று ஒரு சின்னச் சத்தம்.

திரும்பினாள்.

ஐந்தாவது பர்னர். துருவுக்கு நடுவில் ஒரு சுடர்.

அவள் மூச்சை இழுத்தாள். அது தணிந்தது. விட்டாள். எழுந்தது.

க்ளேட்டனைத் திட்ட வேண்டும். ஊரே கேட்கத் திட்ட வேண்டும். திட்டுவதற்கும் மூச்சு வேண்டும்.

மூச்சை அடக்கிக்கொண்டாள்.

சுடர் அசையாமல் நின்று, அவளைப் பார்த்தது.