நாங்க வரல

நாங்கள் அந்த விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பதினோரு மணி. நல்ல வெயில். ஆற்றை ஒட்டிய கல் பாவிய சந்தில், நீலக் கதவு போட்ட மூன்று அடுக்கு வீடு. சன்னலுக்குச் சன்னல் பூந்தொட்டி. படத்தில் பார்த்ததைவிட அழகாகவே இருந்தது.

கதவைத் திறந்த விடுதிக்காரம்மா எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் தோளுக்கு மேலாக எட்டித் தெருவைப் பார்த்தாள்.

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்தான். முன்னாடியே சொல்லியிருந்தோமே."

"கூட யாரும் வரலையே?"

"ரெண்டு பெட்டி வந்திருக்கு. அதையும் ஆளா எண்ணிக்கிட்டா நாலு," என்றாள் என் நாத்தனார்.

விடுதிக்காரம்மா சிரிக்கவில்லை.

என் நாத்தனாரைக் குடும்பத்தில் எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருஷமாகத் தையல் கடை வைத்திருப்பவள் என்பது பாதிக் காரணம். மீதி அவள் வாய். நான் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் காதுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. யார் பேசினாலும் தப்பு எங்கே என்று தேடும்.

அவளும் நானும் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூன்று நாள் எங்காவது போய்விட்டு வாருங்கள் என்று ஏற்பாடு செய்தவர் என் கணவர். "நல்லா சாப்பிடுங்க, கால் வலிக்க நடங்க. வர்றப்ப பேசிக்கிட்டு வாங்க. இல்லன்னா ரெண்டு பேரும் அங்கயே இருந்துடுங்க," என்று சொல்லித்தான் ரயில் ஏற்றிவிட்டார்.

விடுதிக்காரம்மா இரண்டாம் மாடியில் அறையைக் காட்டினாள். இரண்டு கட்டில், பின்னல் திரை, சன்னலுக்குக் கீழே ஆறு. பிறகு கீழே சாப்பாட்டறை. பெரிய வட்டமேசை, வெள்ளை விரிப்பு. வாசற்படியருகே மட்டும் ஒரு வாடை. நனைந்த கம்பளியைக் காயவிடாமல் பெட்டியில் பூட்டிவைத்தால் வருமே, அது.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள். "இந்த வீட்டுல உபசாரம் கெடையாது. நானும் பண்ண மாட்டேன், நீங்களும் யாருக்கும் பண்ணாதீங்க. சாப்பிடறப்ப யாராவது வந்து நின்னா, நிக்கட்டும். தட்டைப் பாத்து சாப்பிடுங்க."

அவள் போனதும் ஊசி என் காதில் சொன்னாள்: "எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளு இதுதான் அண்ணி."

இரண்டு வருஷத்தில் அவள் என்னை அண்ணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சிரித்துவிட்டேன்.

வெளியே போய்க் கால் வலிக்க நடந்தோம். ஆற்றோரம் ஒரு கடையில் வறுத்த மீன் தின்றோம். அடுமனையில் சூடான பன்னும் வெண்ணெயும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டோம். பாலத்தின் நடுவில் உட்கார இடம் இருந்தது. கால் நீட்டி உட்கார்ந்ததும் ஊசி ஆரம்பித்தாள்.

"நான் அப்படி என்ன கேட்டுட்டேன்? அவர் போனப்புறம் தனியா இருக்க முடியல, நம்ம வீட்டு மாடில ஒரு ஓரமா இருந்துக்கறேன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"இடம் இல்லன்னேன்."

"அப்படியா சொன்னீங்க? 'எங்க வீட்டுல இடமில்ல'ன்னீங்க. இடமில்லன்னு சொன்னது வலிக்கல அண்ணி. 'எங்க'ன்னீங்களே."

"ஏதோ பேச்சுக்கு வந்துடுச்சு."

"ஊரான் எழுதினதுல ஒரு துணைக்கால் விட்டுப்போனாக்கூட கண்டுபிடிக்கறவங்க. உங்களுக்குப் பேச்சுக்கு வருமா?"

எழுதுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், நம்முடைய. அவரை வெளியே நிறுத்தினால் நாங்கள், எங்களுடைய. வேலையில் ஆயிரம் தடவை திருத்தியிருப்பேன். அன்றைக்கு நான் தெரிந்தேதான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

மழை பிடித்துக்கொண்டது. விடுதிக்கு ஓடிவந்தபோது மூன்று மணி. சாப்பாட்டறையில் யாரும் இல்லை. பன்னைப் பிரித்து மேசையில் வைத்தோம். ஊசி ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். எனக்குப் பின்னால் வாசற்படியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அடடே, நனைஞ்சிட்டீங்களே. வாங்க, நாம சேர்ந்தே சாப்பிடலாம்."

திரும்பிப் பார்த்தேன்.

வாசற்படி காலியாக இருந்தது.

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. விடுதிக்காரம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"யாரைக் கூப்பிட்டீங்க?"

"இங்க நின்னாங்களே, ஒரு அம்மா. தலையெல்லாம் ஈரம். நாம சாப்பிடறப்ப ஒருத்தர் நின்னு பாத்தா எப்படிங்க கூப்பிடாம இருக்கறது?"

"'நாம'ன்னு சொன்னீங்களா?"

"வேற எப்படிச் சொல்றது?"

விடுதிக்காரம்மா அவளைப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாடை இப்போது வாசற்படியில் இல்லை. மேசையருகே இருந்தது.

அறைக்கு வந்தோம். ஊசி கட்டிலில் சுவரோடு ஒட்டிப் படுத்தாள். முக்கால் கட்டில் காலியாகக் கிடந்தது.

"நாங்க கொஞ்சம் படுத்துக்கறோம்."

என் காது உடனே பிழை என்றது.

"என்ன சொன்ன?"

"அலுப்பா இருக்கு. நாங்க கொஞ்சம் படுத்துக்கறோம்னேன்."

"நாங்கன்னா யாரு?"

அவள் போர்வையை இழுத்து, காலியிடத்தையும் சேர்த்துப் போர்த்தினாள்.

"ஊசி, விளையாடாத. 'நான்'னு சொல்லு."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தாள். யாரோ ரகசியமாக ஏதோ சொன்னதற்குச் சிரிப்பது போல.

அன்று இரவு நான் தூங்கவில்லை. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் நன்றாக விடிந்து, பறவைச் சத்தம் கேட்டு, வெயில் கட்டில் வரை வந்த பிறகுதான்.

குளித்துவிட்டு வெளியே வந்தேன். ஊசி அறையின் நடுவே நின்றிருந்தாள். எப்போதும் கைப்பையில் வைத்திருக்கும் அளவு நாடா அவள் கையில் இருந்தது. காற்றில் எதையோ அளந்துகொண்டிருந்தாள்.

"தோள் பதினொண்ணு."

நாடாவை இறக்கினாள்.

"கை இருபத்தொன்பது."

கை அவ்வளவு நீளமா என்று என்னையறியாமல் யோசித்தேன். அதற்குள் அவள் நாடாவை வளைத்து இடுப்பைச் சுற்றினாள். வெறும் காற்றில் சுற்றிய நாடா தொங்கித்தான் போக வேண்டும்.

தொங்கவில்லை.

வட்டமாக நின்றது. மெல்ல விரிந்தது. மெல்லச் சுருங்கியது. மூச்சு விடுவது போல.

"பதினாலு," என்றாள் ஊசி. "ரொம்ப எளைச்சிட்டீங்க. நல்லா சாப்பிடணும்."

கீழே போய்க் காலை உணவை நானே தட்டில் வாங்கிவந்தேன். ரொட்டி, முட்டை, இரண்டு வாழைப்பழம். அவள் மடியில் வைத்தேன். "சாப்பிடு" என்றேன். அவள் தட்டைத் தொடவில்லை. வாய் அசையவில்லை. பெட்டியைக் கட்டலாம் என்று குனிந்து நிமிர்ந்தேன். தட்டில் பாதியைக் காணோம். மறுபடி குனிந்து நிமிர்ந்தேன். தட்டு துடைத்தது போல இருந்தது. பழத்தோல்கூட இல்லை.

ஊசியின் கன்னம் ஒரே இரவில் ஒட்டிப்போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"கெளம்பு. ஊருக்குப் போயிடலாம்."

"நாங்க வரல."

"ஊசி..."

"நாங்க வரல. நீ போ."

முப்பத்தெட்டு வருஷத்தில், எவ்வளவு பெரிய சண்டையிலும், அவள் என்னை 'நீ' என்றதில்லை.

அடுப்படிக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. காலால் உதைத்தேன். விடுதிக்காரம்மா ஒரு சாண் திறந்தாள்.

"அது யாரு?"

"தெரியாது. நான் இந்த வீட்டை வாங்கறப்பவே இருந்தா."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"உபசாரம் பண்ணாதீங்கன்னு சொன்னேனே. வேற எப்படிச் சொல்லணும், தண்டோரா போடணுமா?"

"அவ சாப்பிடல. தட்டு மட்டும் காலியாவுது."

"அப்படித்தான் ஆவும். முன்னாடி ஒரு வாத்தியார் வந்திருந்தாரு. அவரும் இப்படித்தான் 'வாங்க, நாம சாப்பிடலாம்'னாரு. பதினோரு நாள் வேளாவேளைக்குத் தட்டு காலியாச்சு. பன்னெண்டாம் நாள் அவரைத் தூக்கினப்ப ஒரு தலகாணி எடைதான் இருந்தாரு."

"நான் என்ன பண்ணணும்?"

அவள் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் கனிவு வந்தது.

"தனியாக் கெடக்கறவங்களைத்தான் அவ பிடிச்சுப்பா. தனக்குன்னு ஒரு வீடு, நாலு மனுஷங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா உங்க ஆளு எழுந்து வந்துடுவாங்க. உரிமையாக் கூப்பிடுங்க. எதைச் சொன்னா அவங்க மனசு எளகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்.

மாடிப்படி ஏறும்போது முட்டி வலித்ததுகூடத் தெரியவில்லை. ஊசி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மெத்தை அமுங்கியிருந்தது. வாடை மூக்கை அடைத்தது. அருகே போக என் கால் மறுத்தது. வாசற்படியில் நின்றபடியே சொன்னேன்.

"ஊசி. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. வாய் தவறி வரல, வேணும்னேதான் சொன்னேன். என்னை மன்னிச்சிடு."

அவள் தலை லேசாகத் திரும்பியது.

"அது உங்க அண்ணன் வீடு. நீ பொறந்த வீடு. மாடி ரூம் உனக்குத்தான். எந்திரி. நம்ம வீட்டுக்குப் போலாம்."

"எந்த வீட்டுக்கு?" சின்னப் பெண் குரல்போல இருந்தது.

"நம்ம வீட்டுக்கு. வா, நாம எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்."

மெத்தை மெதுவாக எழும்பிச் சமமானது.

ஊசியின் கண்ணில் நீர் வழிந்தது. "அண்ணி," என்றாள். "எனக்கு ரொம்பப் பசிக்குது அண்ணி. நீங்க ஏதாவது வச்சிருக்கீங்களா?"

'நீங்க' என்றாள். 'எனக்கு' என்றாள். என் காலத்தில் இத்தனை சுத்தமான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். பையில் மிஞ்சிக் கிடந்த பன்னைக் கொடுத்தேன். அவளே மென்றாள், அவளே விழுங்கினாள். ஒவ்வொரு வாயையும் தொண்டை வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரத்தில் பெட்டிகளோடு இறங்கினோம். விடுதிக்காரம்மா வீட்டின் எல்லாச் சன்னலையும் திறந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டறை வாசற்படியில் நின்று மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். வாயெல்லாம் பல்லாக, கல்யாணத்துக்குப் பெண்ணை அனுப்பி வைக்கிறவள் போல.

"அப்ப வரட்டுமா?" என்றேன், பழக்க தோஷம்.

"போங்க," என்றாள். "பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரயிலில் ஊசி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. பழைய வேலைப் புத்தி, சொன்னதையெல்லாம் மனசுக்குள் மறுபடி வாசித்துக்கொண்டிருந்தது. அடுத்தவர் எழுத்தில் எறும்பு ஊர்ந்தாலும் தெரிகிற எனக்கு, என் வாக்கியத்தில் யானை நிற்பது நாலு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

'நம்ம வீட்டுக்குப் போலாம்.'

கேட்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளும் சொல் அது.

அந்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தது ஊசி மட்டும் இல்லை.

அவளை எழுப்பவில்லை. எழுப்பி என்ன சொல்வது? மறுபடி 'எங்க வீடு' என்றா?

வீட்டு வாசலுக்கு வந்தபோது சாயங்கால வெயில் இன்னும் மிச்சமிருந்தது. என் கணவர் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"என்ன, மூணு நாள்னு போனவங்க மறுநாளே வந்துட்டீங்க? சமாதானமா, சண்டையா?"

"சமாதானம்தான் அண்ணா. மாடி ரூம் எனக்குத்தானாம்," என்று சொல்லிக்கொண்டே ஊசி உள்ளே போனாள். நானும் போனேன். பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் இன்னும் கதவைப் பிடித்தபடியே நின்றிருந்தார். குறுகிய வாசலில் வருகிறவருக்கு வழி விடுவதற்காக வயிற்றை எக்கிக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி. முகத்தில் விருந்தாளிக்கு வைத்த சிரிப்பு.

"என்னங்க," என்றேன். "கதவை மூடுங்க."

"இரு. அவங்க செருப்பைக் கழட்டட்டும்."