தூங்கிப்போன ஓட்டு

பிற்பகல் 3.40. வாக்கெடுப்பு முடிந்தது. ஆலைகள் ஆற்றில் என்னென்ன நஞ்சைக் கலக்கின்றன என்று ஊரறியச் சொல்லியே ஆக வேண்டும் என்ற மசோதா, இரு பக்க ஓட்டும் சமமாகி, விதிப்படி தோற்றது. அதைக் கரைசேர்த்திருக்க வேண்டிய ஒற்றை ஓட்டோ, ஓய்வறைச் சோபாவில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

தூங்கியவர் உறுப்பினர் டீச்சரம்மா. பள்ளிக்கூட வேலையை விட்டுப் பல காலமாகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. கண்டுபிடித்தவள் அவைக் காவல் அதிகாரி. அங்கே எல்லோருக்கும் அவள் அக்கா.

வெளியே விடாத மழை. அறை வெளிச்சம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அசைந்தது. கம்பளம் காலடிச் சத்தத்தை விழுங்கியது. அக்காவுக்கே கண் சொக்கியது. ஆனாலும் கதவுக்கு மேலே ஒரு மணி இருக்கிறதே! ஓட்டெடுப்புக்கு முன் பிணத்தையும் எழுப்பிவிடுமே!

அண்ணாந்து பார்த்தாள். மணியின் வாயில் தலையணைப் பஞ்சு அடைத்திருந்தது. கீழே வெள்ளை உறை போட்ட நாற்காலி. உறையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. நாற்காலியருகே ஒரு ஜோடி செருப்பு.

சபாநாயகர் பதறிக்கொண்டு வந்தார். "யாராவது அவங்களைத் தடுத்திருந்தா அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க, மறுபடி ஓட்டெடுப்பு வைக்கலாம். அவங்களா வராம இருந்திருந்தா ஒண்ணும் பண்ண முடியாது."

அக்காவின் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அந்த ஆற்றுத் தண்ணீர்தான் அவள் வீட்டுக் குழாயில் வருகிறது. மகளுக்கு உடம்பெல்லாம் தோல் உரிகிறது. தண்ணீரில் என்ன கலக்கிறது என்று தெரியாமல் டாக்டரும் கையைப் பிசைகிறார். இந்த மசோதாவைத்தான் அவள் மலைபோல் நம்பியிருந்தாள்.

எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஒருவரைச் சிரிப்பு மெம்பர் என்பார்கள். அவரை மடக்கினாள்.

"கடைசியா அந்த ரூமுக்குப் போனது நீங்கதானாமே?"

"காபி குடுக்கப் போனேன். வேண்டாம்னுட்டாங்க."

"மணியை அடைச்சது?"

"ஐயோ, நான் ஏன்மா அதைத் தொடப்போறேன்?" முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை. அவருடைய ஷூவில் காலையிலிருந்து மிதித்த சேறெல்லாம் அப்பியிருந்தது.

இவர்தான் என்று சொன்னால் அவையே நம்பும். அப்படிச் சொல்லிவிட அக்காவுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

4.30. டீச்சரம்மா பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"கனவுல ஆறு வந்துச்சு அக்கா. தண்ணி அவ்வளவு தெளிவா இருந்துச்சு." பேசிக்கொண்டே காலால் கம்பளத்தைத் துழாவினார்.

"செருப்பு அங்க இல்ல டீச்சரம்மா. மணிக்குக் கீழ இருக்கு."

துழாவிய கால் நின்றது.

"படுக்க வந்தவங்க சோபாகிட்டதான் கழட்டுவாங்க. நீங்க நாற்காலியில ஏற, வெள்ளை உறை அழுக்காகுமேன்னு அங்கயே கழட்டிட்டு, மறந்துட்டு வந்து படுத்துட்டீங்க. சிரிப்பு மெம்பர் ஏறியிருந்தா சேறு ஒட்டியிருக்கும்."

டீச்சரம்மா உடைந்துபோனார். "என் தம்பி அந்த ஆலையிலதான் இருக்கான். என்னென்ன கலக்குறாங்கன்னு என்கிட்ட சொன்னவனே அவன்தான். நான் ஆதரிச்சா அவன் வேலை போயிடும்னு ஆள் விட்டு மிரட்டினாங்க. எதிர்க்கவும் மனசு வரல. தூங்கிட்டதா இருந்தா யாரும் குத்தம் சொல்ல முடியாதேன்னு கண்ணை மூடினேன். நிஜமாவே தூங்கிட்டேன்."

"என் பொண்ணு விடிய விடிய சொறிஞ்சுக்கிட்டுத் தூங்காம கிடக்கா," என்றாள் அக்கா. "நான் இப்பப் பொய் சொன்னா அந்த ஓட்டு திரும்பக் கிடைக்கும். ஆனா, ஆலைக்காரன் உண்மையைச் சொல்லணும்னு சட்டம் கேட்டுட்டு நான் புளுகினா நல்லாவா இருக்கும்?"

சபாநாயகரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மசோதா தோற்றது தோற்றதுதான்.

5.00. அவையில் மன்னிப்புக் கேட்க எழுந்த டீச்சரம்மா கேட்டு முடித்தும் உட்காரவில்லை. தம்பியின் வேலை போகும் என்று தெரிந்தேதான், வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதுபோல், ஆலை கலக்கும் ஒவ்வொரு நஞ்சின் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மழைச் சத்தத்தையும் மீறி அவை முழுவதும் கேட்டது. சிரிப்பு மெம்பர்கூடக் குறுக்கிடவில்லை.

வாசலில் நின்ற அக்கா, டாக்டரிடம் சொல்வதற்காக, ஒவ்வொரு பெயரையும் உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள்.