கால்மாட்டுக் காவல்

குளியலறைச் சோப்பின் ஒரு மூலையைக் காணவில்லை.

காலையில்தான் உறையைப் பிரித்து வைத்த புதுச் சோப்பு. மத்தியானத் தூக்கம் கலைந்து, நாலு மணிக்கு முகம் கழுவப் போன பல்லய்யா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரைந்து போன மாதிரி இல்லை. வெட்டி எடுத்த மாதிரியும் இல்லை. அரைவட்டமாக ஒரு பள்ளம், அதன் விளிம்பில் சின்னச் சின்ன வரிகள். கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். போதாததற்குச் சில நாட்களாக எதைப் பார்த்தாலும் ஒன்று ஒன்றரையாகத் தெரிகிறது. எலிதான், சனியன், என்று சொல்லிக்கொண்டே வாயைக் கொப்பளித்துத் துப்பினார். தண்ணீர் கொஞ்சம் நுரையோடு போனது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பல்செட் செய்கிற மனிதர். முப்பத்திரண்டு வருஷத் தொழில். வீட்டின் கீழ்ப்பகுதி பட்டறை, மேல்பகுதி குடித்தனம். பல் டாக்டர்கள் அனுப்புகிற வாய் அளவுகளில் வெள்ளைச் சாந்தைக் கரைத்து ஊற்றி அச்சு எடுப்பார். அச்சின்மேல் ரோஸ் நிற மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாக நட்டு வைப்பார். சுவர் முழுக்கப் பலகைகள், பலகை முழுக்க ஊராரின் வாய்கள். தெருவில் எதிரே வருகிறவரின் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது. சிரித்துவிட்டால் போதும், மேல்வரிசையில் மூன்றாவது பல் சாய்ந்தவர் என்று அடையாளம் கண்டுவிடுவார். அதனால்தான் அவருக்குப் பல்லய்யா என்று பெயர் வந்தது, சொந்தப் பெயர் ரேஷன் அட்டையோடு சரி.

சில நாட்களாக அவர் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை அவருடையது அல்ல, மனைவியுடையது.

இருபத்தைந்து வருஷம் தையல் மிஷினை மிதித்த கால்கள் அவளுக்கு. சர்க்கரை வந்து, பாதம் இரண்டும் முதலில் நெருப்பில் வைத்தது போல் எரிந்து, பிறகு மரத்துப்போயின. எரிச்சல் மட்டும் கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டது. இடது குதிகாலில் ஒரு புண், பொத்தான் அளவு. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் நர்ஸ் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவாள். எரிச்சலுக்குத்தான் அந்தக் கேப்சூல்.

ஒருநாள் பல்லய்யாவுக்கு வலது தாடையில் நரம்பு சுண்டி இழுத்தது. சுட்ட கம்பியைக் காதிலிருந்து உதடு வரைக்கும் இழுத்த மாதிரி. கையிலிருந்த மெழுகுக் கத்தி கீழே விழுந்துவிட்டது.

"வலிப்புக்காரங்களுக்கும் இதுதானாம், நரம்பு வலிக்கும் இதுதானாம். ஒண்ணு போட்டுப் பாருங்க," என்று மனைவி தன் அட்டையிலிருந்து ஒரு கேப்சூலைப் பிதுக்கி நீட்டினாள். "நர்ஸுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. என்னைத்தான் திட்டும்."

வலி அன்றைக்கே அடங்கிப்போனது. அதற்குப்பின் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவளுக்கு ஒன்று, இவருக்கு ஒன்று. ஜன்னலைச் சாத்திவிட்டு இருவரும் படுத்தால் கிணற்றில் கல் போட்ட மாதிரித் தூக்கம். எழுந்தால் நாலு மணி. இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் ஒரு கனவுகூட இல்லை, துடைத்து வைத்த சிலேட்டுதான்.

வாய்தான் வறண்டு போனது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பேச ஆரம்பித்தால் 'டப்'பென்று பிய்ந்து வந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் எச்சில் ஊறவில்லை. பசியோ கொலைப்பசி. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"வயித்துக்குள்ள யாரையாவது குடி வெச்சிருக்கீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"வாடகை குடுக்காத ஆளு," என்றார். இருவரும் சிரித்தார்கள். மாத்திரையோடு வந்த தாள் பட்டறையில்தான் கிடந்தது. மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகச் சந்திக்கிறதா என்று பார்க்க இடையில் மெல்லிய தாள் வைத்து இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். அதற்கு அந்தத் தாள் வாகாக இருந்தது. ஊரார் பல் குத்திய ஓட்டைகளுக்கு நடுவே ஒருநாள் படித்துப் பார்த்தார். தூக்கக் கலக்கம், தலைச்சுற்றல், வாய் வறட்சி, கால் வீக்கம், பசி கூடுதல், ஞாபக மறதி. எல்லாம் தெரிந்ததுதானே என்று மடித்து வைத்துவிட்டார்.

சோப்புக்கு அடுத்து, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு பாதியாகக் கிடந்தது. அதற்கு அடுத்து அவள் செருப்பு. வீங்கிய காலுக்கென்று வாங்கிய மெத்தைச் செருப்பு; உள்ளே குதிகால் படுகிற இடத்தில், வியர்வையும் களிம்பும் ஊறிக் கறுத்துப்போன இடத்தை மட்டும் பார்த்து, எதுவோ கடித்துப் பிய்த்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். புளித்த வாடை. அன்றைக்கு மத்தியானம் எழுந்ததிலிருந்து தன் ஏப்பத்தில் வந்துகொண்டிருந்த அதே வாடை. செருப்பைத் தூர எறிந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார்.

எலிப்பொறி வைத்தார். எலிப்பசை தடவிய அட்டையும் வைத்தார். பொறியில் வைத்த ரொட்டித்துண்டு இரண்டு நாள் கழித்தும் அப்படியே பூசணம் பிடித்து உட்கார்ந்திருந்தது. அதில் வாய் வைக்க எந்த எலிக்கும் மனசு வரவில்லை.

மாத்திரை போட ஆரம்பித்த பதினாலாம் நாள் காலையில் நர்ஸ் கட்டு மாற்றி, பழைய கட்டைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் கூடையைக் காலி செய்யப் போன பல்லய்யா உள்ளே பார்த்தார். காகிதம் இருந்தது, பஞ்சு சுற்றிய உறை இருந்தது. கட்டு இல்லை. மஞ்சளாக நீர் ஊறி, நடுவில் பழுப்பாகக் காய்ந்த அந்தக் கட்டு இல்லை. ஒரு நூல்கூட இல்லை.

கடைவாயில் அப்போதுதான் என்னவோ உறுத்தியது. மத்தியானத்திலிருந்தே உறுத்திக்கொண்டிருந்ததுதான். விரலை விட்டுத் துழாவினார். நூல் மாதிரி ஏதோ சிக்கியது. இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். பல்லிடுக்கிலிருந்து, பிறகு தொண்டையிலிருந்து, உள்ளே கூசக் கூச நீளமாக வந்துகொண்டே இருந்தது ஒரு வெள்ளை இழை. நுனி மஞ்சள். மருந்துத் தண்ணீர் வாடை. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தார். பட்டறைத் துணியில் நூல் பிரிகிறது, பல்லால் கடிக்கிற பழக்கத்தை விடவேண்டும் என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டார். கம்பியானாலும் நூலானாலும் கை ஒழியாத நேரத்தில் பல்லில்தான் பிடிப்பார். முன்பல் ஒன்றின் நுனியில் கம்பி பட்டுப் பட்டுச் சின்னப் பள்ளமாக ஒரு காடிகூட விழுந்திருக்கிறது. ஆகவே அது பட்டறை நூல்தான்.

பதினாறாம் நாள் நர்ஸ் கட்டைப் பிரித்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"பல்லய்யா, இங்க வாங்க. இது என்ன?"

ஆறிக்கொண்டு வந்த புண்ணின் ஓரத்தில் சதை பிய்ந்திருந்தது. சின்ன இடம்தான். ஆனால் ஈரமாக, சிவப்பாக இருந்தது.

"எலியா?" என்றார். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

"உணர்ச்சி இல்லாத கால்னா எலிக்குத் தெரிஞ்சுடும். நான் பார்த்திருக்கேன். தூங்குறவங்களுக்குக் கடிக்கிறதே தெரியாது." நர்ஸ் குரலைத் தாழ்த்தவில்லை, மனைவியும் கேட்கட்டும் என்றே பேசினாள். "இன்னொரு கடி பட்டா புண்ணோட நிக்காதுங்க. கணுக்கால் வரைக்கும் எடுக்கணும்னு சொல்லிடுவாங்க. காலைக் காப்பாத்துறது இனிமே உங்க கையிலதான் இருக்கு."

மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நர்ஸ் போனபிறகு, "மிஷினை வித்துடுவீங்களா?" என்று கேட்டாள். இத்தனை நாளில் அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தார்.

"யாரு விடுவா? நான் இருக்கேன்ல," என்றார். அன்றிலிருந்து கட்டிலில் படுப்பதை விட்டுவிட்டு, அவள் கால்மாட்டில் தரையில் பாய் போட்டுப் படுத்தார். பக்கத்தில் ஒரு விளக்குமாறு.

"காவல்காரரே, தூங்கிடாதீங்க," என்று அவள் கேலி செய்தாள். ஆனால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். அவரும் தூங்கிவிட்டார். மாத்திரையை நிறுத்தலாமா என்று நினைத்தார்தான். ஒரு வேளை நிறுத்தியதற்கே தாடை பழையபடி சுண்டி இழுத்தது. நாளைக்கு நிறுத்திக்கொள்ளலாம் என்று போட்டுக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எலியோ பெருச்சாளியோ, எதன் பல்லாக இருந்தாலும் பல்லைப் பார்த்துச் சொல்ல அவரைவிட ஆள் யார்? ரோஸ் மெழுகுத் தகடு இரண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் குழைத்து, கட்டின் மேலேயே குதிகாலைச் சுற்றி லேசாக அமுக்கிவிட்டார். கடிக்க வருகிறவன் முதலில் மெழுகில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

"காலுக்குமா பல்செட்டு?" என்றாள் அவள்.

"அளவு எடுக்குறேன். அசையாம இரு."

இரண்டு கேப்சூல். இரண்டு தம்ளர் தண்ணீர். ஜன்னலைச் சாத்தினார். சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியே வெயில் ஒரு கோடாக விழுந்து, போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அவள் பாதத்தின்மேல் கிடந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. கீழே தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டினார்கள். களிம்பின் வாடையும் மெழுகின் இனிப்பு வாடையும் புழுக்கத்தில் கலந்து மூக்கில் ஏறின. அவருடைய கண் இமைகள் கனத்தன. முனகலை எண்ணிக்கொண்டு கிடந்தார். ஒன்பது. பத்து.

நாலு மணி.

எழுந்து உட்கார்ந்தார். வெயில் கோடு சுவருக்கு ஏறிவிட்டது. அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். பல்லில் ஏதோ பிசுபிசுப்பு. விரலால் வழித்தார். ரோஸ் நிறம்.

மெழுகு வேலை செய்கிறவன் விரலில் மெழுகு இருக்காதா? இருக்கும். அது விரலில் இருந்ததுதான்.

குதிகாலிலிருந்து மெழுகைக் கழற்றினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெளிப்பக்கம் ஒரு வளைவு, உள்பக்கம் ஒரு வளைவு. மேலே ஆறு. கீழே ஆறு. எலிக்கு வரிசைக்கு முன்பல் இரண்டுதான். இது எலி இல்லை. மெழுகின் நடுவில் பிய்ந்து ஓட்டையாகியிருந்தது.

கண்தான் இரண்டிரண்டாகக் காட்டுகிறது என்று நினைத்தார். மாடிப்படியை எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. சாந்தைக் கரைத்தார். பாதி மேஜையில் கொட்டியது. மெழுகின் பள்ளத்தில் ஊற்றினார். காத்திருந்தார். பலகைகளில் ஊரார் வாய்கள் எல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. சாந்து இறுகும்போது சூடாகும். முப்பத்திரண்டு வருஷமாகத் தெரிந்த சூடுதான். அன்றைக்கு உள்ளங்கையில் அது உயிருள்ள எதையோ பிடித்திருப்பது போல் இருந்தது.

மெழுகை உரித்தார்.

இந்த வாயைப் பலகையில் தேட வேண்டியதில்லை. ஊரார் வாய்க்கெல்லாம் அச்சு எடுத்தவர், இந்த ஒரு வாய்க்கு மட்டும் எடுத்ததில்லை. மேல்வரிசை. முன்பல். நுனியில் ஒரு காடி. கம்பி பட்டுப் பட்டுத் தேய்ந்த காடி.

நாக்கு தானாகப் போய் அந்த இடத்தைத் தொட்டது. இருந்தது.

சீ.

தொண்டையில் விரலை விட்டார். மெழுகுத் துணுக்குகள் வந்தன. ரோஸ் நிறம். பிறகு ரோஸ் நிறம் இல்லாத ஒன்றும் வந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே சாந்துப் பொடியை அள்ளி அதன்மேல் போட்டு மூடினார். தன் வாயை, தன் வாயின் உட்புறத்தை, அதில் இருக்கும் ஒவ்வொரு பல்லையும் பிடுங்கி எறிய வேண்டும் போல் அருவருப்பாக இருந்தது. நர்ஸைக் கூப்பிட வேண்டும். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் பட்டறைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, சாவியை ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்துவிட வேண்டும். சாவியைக் கையில் எடுத்தும்விட்டார்.

"என்னங்க," மேலேயிருந்து அவள் கூப்பிட்டாள். தூக்கம் கலையாத குரல். "போர்வையெல்லாம் ஈரமா இருக்குங்க. கால்ல என்னன்னு வந்து பாருங்களேன். எனக்குப் பயமா இருக்கு."

அவளால் தன் குதிகாலைக் குனிந்து பார்க்க முடியாது. நர்ஸ் வர எப்படியும் ஒரு மணி நேரமாகும். ரத்தமாக இருந்தால்? இப்போது முழித்துத்தானே இருக்கிறோம் என்று நினைத்தார். முழித்திருக்கும்போது என்ன ஆகிவிடும்?

சாவியை மேஜையில் வைத்துவிட்டு மாடி ஏறினார்.

"நல்லவேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க," என்றாள். "ரொம்பவா கடிச்சிருக்கு? எலி ஓடிடுச்சா?"

கால்மாட்டில் மண்டியிட்டார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார். நல்ல வெளிச்சம். நடுவில் பிய்ந்திருந்த கட்டின் முடிச்சை அவிழ்த்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. கடைசிச் சுற்று சதையில் ஒட்டிக்கொண்டிருந்தது, மெதுவாக உரித்தார். புண் திறந்துகொண்டது. அந்த வாடை மேலே ஏறி வந்து அவர் முகத்தில் பட்டது.

பத்தொன்பது நாளாக வறண்டு கிடந்த வாய்.

நாக்கின் அடியில் முதலில் ஒரு கூச்சம். பிறகு இரண்டு கன்னத்தின் உள்ளேயும். ஊறியது. நிறைய ஊறியது.

"ஏங்க பேச மாட்டேங்கிறீங்க? ஏதாவது சொல்லுங்க."

அவர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். கழுத்து திரும்பவில்லை.

வாயின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு, நூல் மாதிரி நீண்டு, அவள் பாதத்தின்மேல் விழுந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.