திட்டுக்குக் குரல் வேண்டும்

"குடையைக் கொஞ்சம் இறக்குங்க... ஆங், அப்படியே திரும்புங்க... கண்ணை, கண்ணை இங்க காட்டுங்க!"

பனகல் பார்க் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஊதாக் குடையை விரித்த தங்கபுஷ்பம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். தூறல்... எதிரே மூன்று கால்களில் ஒரு காமிரா. அதன் பின்னால் தொப்பலாக நனைந்த ஓர் இளைஞன். கையிலிருந்த குடையை அவன் காமிராவுக்குப் பிடித்திருந்தானே தவிர, தனக்குப் பிடித்துக்கொள்ளவில்லை.

சாதாரண நேரத்தில் தங்கபுஷ்பம் அளந்து பேசுகிறவள். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் தூய தமிழில் வெளுத்துக் கட்டிக் கோப்பை வாங்கியவள். ஆனால் கோபம் வந்தால் மட்டும் தூய தமிழ் வாசலோடு நின்றுவிடும். அப்பா வழித் திருநெல்வேலி முந்திக்கொண்டு வரும்.

"கூறுகெட்ட மனுசா! ரோட்டுல போற பிள்ளைய இறக்கு, திரும்பு, கண்ணக் காட்டுன்னு அதிகாரம் பண்ணுதீரு? ஒம்ம அப்பன் வீட்டு ரோடா இது? அந்தக் குழாயத் தூக்கிட்டு ஓடிரும். இல்ல, இந்தக் குடையாலயே மண்டையப் பொளந்துருவேன்!"

அவன் வாயைப் பிளந்தபடி நின்றான். காமிரா மட்டும் கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'டப்'பென்று ஓர் ஓசை.

"ரீல் தீந்துபோச்சு..." என்றான் ஈனசுரத்தில்.

அடுத்த பஸ்ஸிலிருந்து அதே ஊதாக் குடையோடு ஒருத்தி இறங்கி, "லேட் ஆயிடுச்சா, வெள்ளைத்துரை?" என்று கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. நடிக்க வேண்டியவள் இவள், சீதா. குடையைப் பார்த்து ஆளைத் தவறாக நினைத்துவிட்டான் அந்த வெள்ளைத்துரை!

தங்கபுஷ்பம் மன்னிப்புக் கேட்கவில்லை. தப்பு அவன் மேல்தானே? ஆனாலும் தெரு முனையில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவன் கண்கள் நனைந்திருந்தன... அழுகிறானா, வெறும் மழையா?

அந்த வாரக் கடைசியில், ரங்கநாதன் தெருவில் அவள் அப்பா சண்முகசுந்தரத்தின் ஜவுளிக் கடையில் அவன் வந்து நின்றான். கைக்குட்டை வேண்டுமாம். மறுநாளும் கைக்குட்டை. அதற்கு மறுநாளும்.

"தம்பிக்குச் சளி ஜாஸ்தி போல," என்று அப்பா இரக்கப்பட்டார்.

அப்பா சாப்பிடப் போன நேரம் பார்த்து அவள் கேட்டாள்: "கடை எப்படித் தெரிஞ்சது?"

"உங்க கையில இருந்த மஞ்சப்பை. படத்துல கடைப் பேர் பளிச்சுனு விழுந்திருக்கு."

"ஐயோ! அப்பா பாத்தா நான் தொலைஞ்சேன்."

அவன் அவசர அவசரமாக விளக்கினான். அடையாற்றுப் பக்கம் படக் கல்லூரியில் படிக்கிறான். ஒரு படத்தின் ஆரம்பத்தை மட்டும் எடுத்துக் காட்டுவதுதான் பரீட்சை. ஆளுக்கு ஒரே ரீல், இன்னொன்று கிடையாது. வகுப்பு மொத்தமும் பார்த்து அலசும். பார்த்து முடித்ததும் ஆசிரியர் ஸ்ரீனிவாசராகவனுக்கு 'அப்புறம் என்ன?' என்று கேட்கத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் வருஷக் கடைசியில் முழுப் படம் எடுக்கும் வாய்ப்பு போச்சு.

"அந்தக் காமிராவுல சத்தம் பதியாதுங்க. உங்க வாய் அசையுது, குரல் இல்ல. நீங்க வந்து அதே திட்டை ஒரு தரம் பேசிக் குடுத்தா..."

"ஊர் பூரா என்னை வாயாடின்னு சொல்லணும், அதானே?"

"சத்தியமா இல்லைங்க. உங்க திட்டு மாதிரி ஓர் ஆரம்பம் எனக்கு எழுத வராது."

அந்தச் சொல்லில் அவள் கொஞ்சம் இளகித்தான் போனாள். "வர்றேன். ஆனா நாகரிகமாத்தான் பேசுவேன்!"

வீட்டில் 'கல்லூரி வேலை' என்றாள். பொய்யில்லை. எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒலிப்பதிவு அறையின் இருட்டில் அந்தத் துண்டுப் படம் திரும்பத் திரும்ப ஓடியது. மழை... ஊதாக் குடை... கண்ணில் தீப்பொறி. 'நானா இது? கோபத்தில் இவ்வளவு அழகாகவா இருக்கிறேன்? இத்தனை நாளும் இவன் இதைத்தானே போட்டுப் போட்டுப் பார்த்திருப்பான்...' அவளுக்குக் கன்னம் சுட்டது.

மைக் முன்னால் நின்று, "ஐயா, தாங்கள் யாரென்று அறியலாமா?" என்றாள்.

ஒலிப்பதிவாளர் அப்துல் கய்யூம் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா இது? அங்க வாயி பட்டாசு வெடிச்சிக்கினு கீது. நீ இன்னாடான்னா கல்யாணப் பத்திரிகை படிச்சிக்கினு கீறே!"

வேறு வழியில்லை. பழைய திட்டையே எடுத்தாள். "கூறுகெட்ட மனுசா..." ம்ஹூம். கோபம் இருந்தால்தானே வரும்? பக்கத்தில் அவன் கை கட்டி நிற்கிறான். ஒவ்வொரு தரமும் குரல் குழைந்து போயிற்று.

"திட்டுறியா, தாலாட்டுறியாம்மா?" என்றார் கய்யூம்.

வெள்ளைத்துரை பெருமூச்சு விட்டான். "பரவாயில்ல, நீங்க வீட்டுக்குப் போங்க. சீதாவைப் பேச வெச்சுக்கறேன். அவ குரல் தேன் மாதிரி இருக்கும்."

அவ்வளவுதான்! திரையில் உதடு அசைந்த அதே கணத்தில் திருநெல்வேலி திரண்டு வந்தது. ஒரு சொல் பிசகாமல், மண்டையைப் பொளப்பது வரை வந்துதான் நின்றது.

"ஓகே!" என்று கத்தினார் கய்யூம்.

"மன்னிச்சுக்குங்க," என்று சிரித்தான் வெள்ளைத்துரை. "உங்களுக்குக் கோபம் வரணும்னுதான் அப்படிச் சொன்னேன்..."

தங்கபுஷ்பத்தின் முகம் சுருங்கிவிட்டது. 'அப்படியானால் என் மனசு இவனுக்கு முன்னமே தெரியும். அதை வைத்தே வேலை வாங்கியிருக்கிறான்!'

"உங்க வேலை முடிஞ்சதில்ல? இனிமே கைக்குட்டைன்னு கடைப் பக்கம் வராதீங்க."

அவன் வரவில்லை. அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. வராதே என்றால் வராமல் இருந்துவிடுவதா? "சளித் தம்பியைக் காணோமே," என்று அப்பாவே ஒரு நாள் விசாரித்தார்.

அவனுக்குப் பதில் சீதா வந்தாள். "இன்னிக்கு சாயந்திரம் அவனுக்குப் பரீட்சை. உங்களைக் கூப்பிடப் பயந்துக்கிட்டு இருக்கான். ஆமா, என் குரல் தேன்னா சொன்னான்? என்னைத் தகர டப்பான்னு பேர் வெச்சுக் கூப்பிடறவனே அவன்தாங்க!"

தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மஞ்சப்பையை எடுத்தாள்.

அரங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் பஸ் வந்தது, குடை விரிந்தது, திட்டு விழுந்தது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. விளக்கு எரிந்ததும் ஸ்ரீனிவாசராகவன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பேஷ்! அந்தப் பொண்ணு நேரா நம்மளையேன்னா திட்டறா! பையிலே கடைப் பேர்கூட நிஜமாட்டம் இருக்கு. எப்படிடா திட்டம் போட்டே?"

தங்கபுஷ்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாய்ப் பொய் போதும்... முழுப் படம் அவனுக்குத்தான்.

"திட்டம் போடல சார். ஆள் மாறிப்போச்சு. அவங்க நெசமாவே திட்டினாங்க."

ஆசிரியரின் புருவம் நெரிந்தது. "அப்போ இதிலே உன் பங்கு என்ன?"

"காமிராவை நிறுத்தல, சார்."

"ஏன் நிறுத்தலே? இருக்கறது ஒரே ரீல்னு தெரியுமோன்னோ?"

"தெரியும் சார்..." அவன் தலை குனிந்தது. "அந்தக் கண்ணைப் பாத்ததுக்கப்புறம் நிறுத்த மனசு வரல. ரீல் போனாப் போகட்டும்னு இருந்துச்சு. இதை அவங்ககிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கணும். அதை விட்டுட்டு, ஏமாத்தித் திட்ட வெச்சேன்."

ஸ்ரீனிவாசராகவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "திட்டம் போடாததுக்கு மார்க்கைக் குறைக்கத்தான் போறேன். அது கெடக்கட்டும்... அப்புறம் என்னடா ஆச்சு?"

கேட்ட பிறகுதான், என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. வகுப்பு கை தட்டித் தீர்த்தது.

"தெரியல சார்," என்றான் வெள்ளைத்துரை. "அவங்கதான் சொல்லணும்."

கடைசி வரிசையில் தங்கபுஷ்பம் எழுந்து நின்றாள். கோப்பை வாங்கிக் கொடுத்த தூய தமிழ் இப்போதும் வாசலோடு நின்றுவிட்டது. கோபம் இல்லாமலேயே திருநெல்வேலி வந்தது.

"கூறுகெட்ட மனுசா..." குரல் குழைந்து பாதியில் நின்றது. "வராதேன்னா, வராமலே இருந்துருவீரா?"

"யம்மா!" என்று பின்னால் படம் ஓட்டும் அறையிலிருந்து கத்தினார் கய்யூம். "இப்ப திட்டுறியா, தாலாட்டுறியா?"

அவள் படியிறங்கி அவனிடம் போய், மஞ்சப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். அவன் கண்கள் நனைந்திருந்தன. இன்றைக்கு மழை இல்லை.